யூடியூபில் 41,000 பார்வை, தொகுதியில் எத்தனை ஓட்டு?

சேவூர் வீடியோக்காரன்:
பதினாறு வருடமாக அவிநாசிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அரசியல் பக்கம் போனதில்லை. போன மாதம் ஊரில் தெரிந்தவர் ஒருவர் வந்தார். கோழிப்பண்ணைக்காரர், சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கவேண்டும் என்று ஆசை. "கட்சிக்காரங்க மாதிரி தினம் ஒரு வீடியோ போட்டுடு கண்ணு, காசைப் பத்தி யோசிக்காதே" என்றார்.

முதல் வீடியோவைக் குளக்கரையில் எடுத்தோம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத் தண்ணீர் வந்து நிறைந்த குளம். மேலே ட்ரோன், கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நடந்து வருகிறார். 41,000 பேர் பார்த்துவிட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை, பண்ணை ஆட்களுக்கு அன்றைக்கு பிரியாணி.

ராத்திரி உட்கார்ந்து பின்னூட்டங்களைப் படித்தேன். துபாய், சிங்கப்பூர், சென்னை என்று எங்கெங்கோ இருக்கும் ஆட்கள். 2019-ல் அடிக்கல் நாட்டியது எடப்பாடி பழனிசாமி என்று ஒருவர், 2024 ஆகஸ்டில் திறந்து வைத்தது ஸ்டாலின் என்று இன்னொருவர், நடுவில் "தண்ணி விட்டது யாரோ, கரையில நடக்கறது யாரோ" என்று ஒரு புண்ணியவான். அறுபது பின்னூட்டம் வரை போன அந்தச் சண்டையில் எங்கள் ஆள் பெயரை ஒருத்தர்கூட எடுக்கவில்லை.

இதனால் ஓட்டு விழுமா? விழாது என்றால் அவரிடம் அதை எப்படிச் சொல்வது? தெரிந்தே காசு வாங்கிக்கொண்டிருக்க மனசு ஒப்பவில்லை.

ஈரோட்டுப் பழைய பதிவர்:
தமிழ் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளம் வந்த 2004 காலத்தில் வலைப்பதிவு எழுதியவன் நான். 2006 தேர்தலின்போது எங்கள் பதிவுகளைப் படித்துத்தான் நாடே ஓட்டுப் போடப்போகிறது என்று நம்பினோம். நாங்களே எழுதி, நாங்களே படித்து, நாங்களே அடித்துக்கொண்டோம். அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ஹோவர்ட் டீனுக்கும் இதே கதைதான். 2003-ல் வலைப்பதிவையும் இணையத்தையும் வைத்தே பணமும் கூட்டமும் சேர்த்தார். 2004 ஜனவரியில் கட்சி வேட்பாளர் தேர்வின் முதல் கட்டமான அயோவா மாநிலத்தில் எண்ணிப் பார்த்தால் மூன்றாம் இடம்.

ஆனால் தோற்கடிக்க வீடியோவுக்குத் தெம்பு உண்டு, அதை உங்கள் ஆளிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2006-ல் வர்ஜீனியாவில் செனட்டர் ஜார்ஜ் ஆலன் போகிற கூட்டத்துக்கெல்லாம் எதிர்த் தரப்பு ஒரு இளைஞனைக் கேமராவோடு அனுப்பியது. இந்திய வம்சாவளிப் பையன். அவனைக் கைகாட்டி "மக்காக்கா" என்று ஏதோ குரங்குப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தார் ஆலன். யூடியூப் வந்தே அப்போது ஒரு வருடம் சொச்சம்தான். ஆடி ஆடி எடுத்த அந்தத் துண்டு வீடியோவை ஊரே பார்த்தது. 23 லட்சத்துக்கும் மேல் பதிவான ஓட்டில் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் தோற்றார். அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவ்வளவு சின்ன வித்தியாசத்தில் அதைக் கழித்துவிடவும் முடியாது. டீக்கடையில் வாயை அடக்கச் சொல்லுங்கள் உங்கள் ஆளை.

சிங்காநல்லூர் பூத் ஏஜெண்டு:
2024 மக்களவைத் தேர்தலில் கோவையில் யார் போனைத் திறந்தாலும் பா.ஜ.க. வேட்பாளர் அண்ணாமலை வீடியோதான். எண்ணி முடித்தபோது தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 1,18,000-க்கும் மேல் முன்னால் இருந்தார். வீடியோ வீண் என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. கோவையில் பா.ஜ.க. நாலரை லட்சம் ஓட்டோடு இரண்டாம் இடத்துக்கு வந்து அ.தி.மு.க.வை மூன்றாவதாகத் தள்ளியது. அதில் வீடியோவுக்கும் கொஞ்சம் பங்கு இருக்கும்.

சேவூர் அண்ணா, உங்கள் 41,000-த்தில் தொகுதிக்காரர் எத்தனை பேர், அதில் பட்டியலில் பேர் உள்ளவர் எத்தனை பேர்? எங்கள் பூத் பட்டியலில் கிட்டத்தட்ட ஆயிரம் பேர். ஒவ்வொரு பேருக்கும் நேராகப் பென்சிலில் குறித்து வைப்போம்: நம்ம ஆள், அவங்க ஆள், சந்தேகம், வெளியூர், இறந்துட்டாங்க. வீடியோ வேலை செய்யவேண்டியது அந்தச் "சந்தேகம்" வரிசையில் மட்டும். 2021-ல் கோவை தெற்கில் கமல்ஹாசன் தோற்றது 1,728 ஓட்டில். அந்த வரிசையை ஒவ்வொரு பூத்திலும் சரியாகப் பார்த்திருந்தாலே கதை வேறாக இருந்திருக்கலாம்.

2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு பனியன் கம்பெனியில் தையல் மெஷினுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்துத்தான் வேலை நடக்கிறது. பார்க்க ஆள் இருக்கிறது. ட்ரோனை மடித்து வையுங்கள். அரை நிமிஷம், அந்த வீதிச் சாக்கடை, அந்த வீதிக்காரர் ஒருவர் பேசட்டும். யூடியூபில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் அந்த வீதி வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்புங்கள்.

பல்லடம் கணக்கர்:
காசைப் பற்றி யோசிக்காதே என்றாராமே, யோசித்துத்தான் ஆகவேண்டும். சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம். 2013 அக்டோபரில் தேர்தல் ஆணையம் சொன்னபடி இணைய விளம்பரத்துக்குக் கட்டும் பணம் மட்டுமில்லை, வீடியோ தயாரிக்கும் செலவும் வேலை செய்கிறவர்கள் சம்பளமும் அதற்குள் வரும். மனுத் தாக்கல் நாளிலிருந்து ரிசல்ட் வரை கணக்கு எழுதணும். காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டுவது என்றால் முன்கூட்டிச் சான்றிதழ் வாங்கணும். பிரமாணப் பத்திரத்தில் அவருடைய யூடியூப், பேஸ்புக் கணக்குகளையும் எழுதணும். நீங்கள் ஒழுங்காகப் பில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், ட்ரோன் வாடகை உட்பட.

சேவூர் வீடியோக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று பண்ணைக்கே போய் இதையெல்லாம் அப்படியே படித்துக் காட்டினேன். பென்சில் விஷயத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். இன்றைக்குக் காலையில் டவுன் பஸ் நிற்காமல் போகிற ஸ்டாப்பில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு காத்திருக்கும் ஒரு அம்மாவைப் பேசவைத்து எடுத்தோம். முப்பத்தைந்து நொடி. குரூப்பில் 212 பேர்தான், ஆனால் மத்தியானத்துக்குள் நாலு பேர் அவருக்கே போன் போட்டு "எங்க ஸ்டாப்புலயும் நிக்கறதில்லைங்க" என்றார்களாம். அவருக்கு இன்னும் அந்த 41,000 மேல்தான் ஆசை, அது வேறு விஷயம்.

கணக்கர் அண்ணா, பில் பேச்சை எடுத்ததும் "அப்ப நீ காசே வாங்காம எடுத்துக் குடுத்துட்டா கணக்குல வராதில்ல கண்ணு?" என்று கேட்கிறார். அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் போங்க.