பிலிப் லமாந்தியாவைத் தமிழ் வாசகர்களுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கேள்வி: சத்துவாச்சாரி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை வெயில் தாழ்ந்த பிறகு கோட்டைக்கு அருகே உள்ள பூங்காவில் கூடி, அயல்மொழிக் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது வழக்கம். அடுத்த மாதம், அறிவின் தடையின்றிக் கனவுபோல மனம் ஓடுவதை எழுதும் சர்ரியலிச இயக்கத்தைச் சேர்ந்த அமெரிக்கக் கவிஞர் பிலிப் லமாந்தியாவைப் பற்றிப் பேசும் பொறுப்பு என்மீது விழுந்திருக்கிறது. அவருடைய கவிதைகளில் நான்கைந்தைத் தமிழாக்கி நண்பர் இருவருக்குக் காட்டினேன். இருவரும் "இதற்கு என்ன பொருள்?" என்று ஒரே குரலில் கேட்டார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை.

என் ஐயங்கள் இரண்டு. முதலாவது அவருடைய வாழ்க்கையைப் பற்றியது. பதினாறு வயதிலேயே சர்ரியலிச இயக்கத்தின் தலைவர் ஆந்திரே பிரெத்தோனால் "நூறாண்டுக்கு ஒருமுறை எழும் குரல்" என்று பாராட்டப்பட்டவர், 1955 அக்டோபர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவின் சிக்ஸ் கேலரியில் நடந்த புகழ்பெற்ற கவிதை வாசிப்பில் தம் கவிதை ஒன்றைக்கூட வாசிக்கவில்லை என்கிறார்கள். அது ஏன்? இரண்டாவது மொழிபெயர்ப்பைப் பற்றியது. புரியாத படிமங்களுக்கு நம்மிடம் சித்தர் பாடல்களின் நடை இருக்கிறதே, அந்த நடையிலேயே இவரைத் தமிழாக்கிவிட்டால் கேட்பவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது அல்லவா?

பதில்: காட்பாடி நூலகத்தார்

உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். அதுவே அவர் வாழ்க்கையின் மையம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

லமாந்தியா 1927ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில், சிசிலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். தந்தை காய்கனித் தரகர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மண்டிக்காரர். பதின்வயதில் அந்நகரத்துக் கலைக்கூடத்தில் டாலி, மிரோ ஆகியோரின் ஓவியங்களைப் பார்த்ததுதான் அவரைச் சர்ரியலிசத்தின் பக்கம் திருப்பியது. "அறிவுசார் ஒழுங்கீனம்" என்ற விசித்திரமான குற்றச்சாட்டின்பேரில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதும் அவர் வரலாற்றில் உண்டு. அவருடைய கவிதைகள் 1943இல் நியூயார்க்கின் 'வியூ' இதழில் வெளிவந்தன. அடுத்த ஆண்டே அவர் அங்குச் சென்று அவ்விதழின் உதவி ஆசிரியராகவும் பணியாற்றினார். போரின் காரணமாகப் பிரான்சிலிருந்து வெளியேறி நியூயார்க்கில் தங்கியிருந்த பிரெத்தோனை நேரில் கண்டதும் அப்போதுதான். ஆனால் அந்த உறவு நெடுநாள் நீடிக்கவில்லை. ஊர் திரும்பி, கென்னத் ரெக்ஸ்ராத் என்ற மூத்த கவிஞரைச் சுற்றியிருந்த அரசு மறுப்பாளர் வட்டத்தில் சேர்ந்தார். 1946இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்புக்கு முன்னுரை எழுதியவரும் ரெக்ஸ்ராத்தே.

இனி 1955. அவ்வாண்டு அவர் மெக்சிகோவின் நயாரித் மலைப்பகுதியில், கோரா பழங்குடியினரிடையே தங்கியிருந்தபோது தேள் கொட்டி உயிருக்குப் போராடினார். கல் வீடும் கட்டாந்தரையுமாக வளர்ந்த நம் வட்டாரத்தாருக்குத் தேள்கடியின் வலியை விளக்க வேண்டியதில்லை. அங்கே இருந்தது உயிரையே பறிக்கக்கூடிய வகை. அந்த வேதனையில் அவர் கன்னி மரியாளைக் கூவி அழைத்தார். பிழைத்தெழுந்தவர், சிறுவயதில் விட்டுவந்த கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பினார். அச்சுக்குச் செல்ல ஆயத்தமாக இருந்த 'டாவ்' என்ற தம் தொகுப்பையும், தம் புதிய நம்பிக்கைக்குப் பொருந்தவில்லை என்று கருதித் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சிக்ஸ் கேலரி மேடைக்கு அவர் வந்தது இந்த மனநிலையில்தான். ஆலன் கின்ஸ்பெர்க் 'ஹௌல்' கவிதையை முதன்முதலாகப் பொதுமேடையில் வாசித்ததற்காகவே அந்த இரவு இன்று நினைக்கப்படுகிறது. கேரி ஸ்னைடர், மைக்கேல் மெக்லூர், பிலிப் வேலன் ஆகியோரும் வாசித்தார்கள். லமாந்தியா வாசித்தவை, 1952இல் மெக்சிகோவில் இளம் வயதிலேயே இறந்துபோன நண்பர் ஜான் ஹாஃப்மனின் கவிதைகள். தம் சொற்களை அவரே ஏற்க முடியாதிருந்த நேரத்தில், இறந்தவரின் சொற்களுக்குக் குரல் கொடுத்தார் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அடக்கம் என்றோ மேடைக் கூச்சம் என்றோ விளக்குபவர்களை நம்ப வேண்டாம். ஈராண்டு கழித்து நியூயார்க்கில் நாவலாசிரியர் ஜாக் கெருவாக்கோடு சேர்ந்து ஜாஸ் இசையுடன் கவிதை வாசித்தவருக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்?

பதில்: ஆற்காட்டுத் தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பி, உங்கள் இரண்டாவது ஐயத்தில் ஒரு பொறி இருக்கிறது. அதில் கால் வைத்துவிட வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

சித்தர் பாடலுக்குத் திறவுகோல் உண்டு. நந்தவனத்து ஆண்டி நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டித் தோண்டியைப் பெற்றுப் போட்டுடைத்தான் என்று கடுவெளிச் சித்தர் பாடினால், ஆண்டி உயிர், தோண்டி உடல், நாலும் ஆறும் கூடிய பத்து மாதம் கருவறைக் காலம் என்று பாட்டிமார்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அது பரிபாடை, மறைப்பதற்காகவே மறைத்த பொருள் உள்ளே இருக்கிறது. பிரெத்தோன் 1924ஆம் ஆண்டுச் சர்ரியலிச அறிக்கையில் வரையறுத்த எழுத்து அப்படிப்பட்டதன்று. அறிவின் கண்காணிப்பு இல்லாமல் மனம் தானாக இயங்கும் ஓட்டத்தைப் பதிவு செய்வதே அவர் கேட்டது. உள்ளே ஒளித்துவைத்த பொருள் ஏதும் இல்லாதபோது திறவுகோலைத் தேடி என்ன பயன்? உங்கள் நண்பர்கள் கேட்ட கேள்வி சித்தருக்குப் பொருந்தும், லமாந்தியாவுக்குப் பொருந்தாது.

நம் அணியிலக்கணப் பயிற்சியும் இங்கே குறுக்கே வரும். உவமை என்றால் உவமானத்துக்கும் உவமேயத்துக்கும் இடையே ஒரு பொதுத்தன்மை வேண்டும். மதிமுகம் என்றால் ஒளியோ தண்மையோ இரண்டையும் இணைக்கும். சர்ரியலிசத்தாரோ, இணைக்கப்படும் இரண்டு பொருள்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் உள்ளனவோ அவ்வளவு படிமம் வலுப்பெறும் என்ற பிரெஞ்சுக் கவிஞர் பியேர் ரெவெர்தியின் கருத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள். பொதுத்தன்மையைத் தேடித் தேடிப் பழகிய நமக்கு அது கிடைக்காதபோது கவிதை பிழையாகத் தோன்றுகிறது. உங்கள் கூட்டத்தில் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். பாதிக் கேள்விகள் அடங்கிவிடும்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல் சொல்முறை பற்றியது. 1970இல் வெளிவந்த அவருடைய தொகுப்பின் தலைப்பைக் 'காற்றின் குருதி' என்று நாம் மொழிபெயர்ப்போம். ஆங்கிலத்தில் குருதி முதலில் வந்து, உடலை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது காற்றுக்குரியது என்று அடுத்த சொல் தட்டிவிடுகிறது. தமிழில் ஆறாம் வேற்றுமை காற்றை முன்னே நிறுத்தி, வியப்பைக் கடைசிச் சொல்லுக்குக் கொண்டுபோகிறது. இது இழப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் எந்தச் சொல்லில் அதிர்ச்சி விழவேண்டும் என்று பார்த்துப் பார்த்து அடுக்க வேண்டும். 'முகமதி' போல உருவகமாகச் சேர்த்து எழுதிவிடவும் வேண்டாம்; சேர்த்து எழுதிய மறுகணமே வாசகர் பொதுத்தன்மையைத் தேடப் புறப்பட்டுவிடுவார்.

பதில்: குடியாத்தம் வாசகர்

ஐயா சொன்னதை வணங்கி ஏற்கிறேன், ஒரே ஒரு இடத்தைத் தவிர. பொதுவான சர்ரியலிசத்துக்கு அவர் கூறியது முற்றிலும் சரி. ஆனால் லமாந்தியா இரசவாதம், மறைஞானம், பழைய எகிப்தின் குறியீடுகள் ஆகியவற்றில் வாழ்நாள் முழுவதும் ஆழ்ந்திருந்தவர். அவருடைய சொற்களில் சில அந்த மரபின் குறிச்சொற்களாகவே வருகின்றன. இரசவாதம் என்றால் நம் சித்தர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தானே. ஆகவே நடை வேண்டாம், உறவைச் சுட்டிக்காட்டலாம் என்பது என் கருத்து.

தொடக்கத்துக்கு அவருடைய பிற்காலக் கவிதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் வந்த தொகுப்பின் பெயரிலேயே வானம்பாடி போலப் பாடும் ஒரு மேற்கு அமெரிக்கப் புல்வெளிப் பறவை இருக்கிறது. கலிபோர்னியாவின் பறவைகளும் மலைகளும் காடுகளும் அதில் பெயர் சொல்லி வருகின்றன. பெயர் தெரிந்த பறவை ஒன்று முன்னே பறந்தால் வாசகர் பின்னால் எவ்வளவு தூரமும் வருவார். இறகொன்று பறவையின் வாழ்வை எழுதிச் செல்வதாகப் பாடிய பிரமிள், திருகோணமலையில் பிறந்து, 1997இல் நம் வேலூரை அடுத்த கரடிக்குடியில் மறைந்தவர். அவரைச் சர்ரியலிசக் கவிஞர் என்று நான் சொல்லவில்லை. உரைநடையில் விரித்தால் உதிர்ந்துபோகும் படிமத்தை நம் வாசகர்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்காகவே நினைவூட்டுகிறேன்.

கேட்டவரின் மறுமொழி: சத்துவாச்சாரி வாசகர்

மூவருக்கும் நன்றி. சித்தர் நடையில் செய்திருந்த மூன்று மொழிபெயர்ப்புகளையும் ஒதுக்கிவிட்டேன். ஐயா சொன்னபடி சொற்களை வரிசை மாற்றி ஒரு கவிதையை உரக்க வாசித்துப் பார்த்தேன். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த என் அத்தை பொருள் கேட்கவில்லை, "இன்னொரு முறை படி" என்றார். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. அவர் திரும்பப் பெற்றுக்கொண்ட அந்தத் தொகுப்பு பிறகு என்ன ஆயிற்று? அழித்துவிட்டாரா?

பதில்: காட்பாடி நூலகத்தார்

அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. எழுதியவற்றில் பலவற்றை அவர் அழித்தவர்தான். 1962இல் வந்த நூலுக்கே 'அழிக்கப்பட்ட படைப்புகள்' என்று பெயரிட்டார். ஆனால் 'டாவ்' தப்பியது. அவர் 2005 மார்ச் 7 அன்று காலமானார். 2008இல் சிட்டி லைட்ஸ் பதிப்பகம் அதை வெளியிட்டது. தனி நூலாக அன்று, ஜான் ஹாஃப்மனின் கவிதைகளோடு ஒரே அட்டைக்குள். 1955ஆம் ஆண்டின் அந்த இரவில் அவர் வாசித்த கவிஞரும், வாசிக்க மறுத்த கவிதைகளும் அந்தச் சிறு நூலில் அடுத்தடுத்து இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அதைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.