தாய்மொழிக்காரர்தான் வேண்டுமாம்: ஆங்கில ஆசிரியர்களே, வழி சொல்லுங்கள்

வணக்கம். 11 வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். போன வாரம் ஓர் இணையவழிப் பயிற்சி நிறுவனத்தில் மாதிரி வகுப்பு எடுத்தேன், நன்றாகவே போனது. அப்புறம் வந்த பதில்: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மட்டும்தான் எடுப்பார்களாம்.

மனசு ஆறவில்லை. மாணவர் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று தேவையில்லாத ‘அபௌட்’ சேர்த்து எழுதினால், அது நம் ‘பற்றி’யிலிருந்து வருகிறது என்று எனக்கு உடனே தெரியும். நானும் அதே இடத்தில் தடுக்கி விழுந்தவள்தானே.

தாய்மொழிக்காரரே சிறந்த ஆசிரியர் என்பது தவறான நம்பிக்கை என்று 1992-லேயே மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் எழுதிவிட்டார். ஆங்கில ஆசிரியர்களுக்கான சர்வதேச அமைப்பான டெசாலும் 2006-இல் இந்தப் பாகுபாட்டை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது.

மரியாதையாக ஒரு பதில் எழுதப் போகிறேன். இப்படி எழுதி முடிவை மாற்ற வைத்தவர்கள் இருக்கிறீர்களா? எதை முதலில் சொன்னீர்கள், சான்றிதழையா, மாணவர்களின் முன்னேற்றத்தையா? கடித மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.