டெர்மக்ஸில் புராஜெக்டை எங்கே வைப்பது: எஸ்டிகார்டு பாதையிலா, ஹோமிலா?

மின்மினி:
டெர்மக்ஸ் (ஆன்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் ஆப்) பயன்படுத்தும்போது புராஜெக்ட் ஃபோல்டரை எஸ்டிகார்டு பாதையிலேயே, அதாவது ஆப்களுக்குப் பொதுவான போன் ஸ்டோரேஜிலேயே, வைக்கலாம் என்பது என் கட்சி. டெர்மக்ஸ் ஆப்பை நீக்கினால் அதன் சொந்த ஃபோல்டரான ஹோம் டைரக்டரி முழுக்கப் போய்விடும், பொது ஸ்டோரேஜில் இருப்பது தங்கும். எந்த எடிட்டரிலும் திறக்கலாம். சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) கொடுத்தும் ஸ்கிரிப்ட் 'பர்மிஷன் டினைட்' (அனுமதி இல்லை) என்றால், முன்னால் பாஷ் (ஸ்கிரிப்டைப் படித்து நிறைவேற்றும் நிரல்) சேர்த்து ஓட்டினால் தீர்ந்தது.

கருந்திரை:
பாஷ் இருப்பது டெர்மக்ஸின் சொந்த இடத்தில். உங்கள் ஸ்கிரிப்டை அது வெறும் எழுத்தாகப் படிக்கிறது, அதனால்தான் ஓடுகிறது. சி-யில் கம்பைல் செய்த பைனரிக்கு (தானே ஓடும் நிரல் கோப்பு) அந்த வழி கிடையாது, ஏனென்றால் பொது ஸ்டோரேஜ் நோஎக்ஸெக் (இங்குள்ள கோப்பை நிரலாக ஓட்டக்கூடாது) என்றே மவுன்ட் ஆகிறது. பர்மிஷனும் அங்கே கோப்போடு சேமிக்கப்படுவதில்லை. ஆப்புக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவில் நிற்கும் ஃபியூஸ் அடுக்குதான் ஒரு பர்மிஷன் எண்ணைக் காட்டுகிறது. எஸ்எஸ்எச் சாவியை (சர்வரில் நுழையும் ரகசியக் கோப்பு) அங்கே வைத்து 600 (உரிமையாளருக்கு மட்டும் படிக்க, எழுத அனுமதி) கொடுத்துப் பாருங்கள். எண் மாறாது, சாவியை உங்களுக்கு மட்டும் என்று பூட்ட முடியாது.

மின்மினி:
சாவி ஹோமில் இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். பைத்தான், நோட் வேலைக்கு என்ன தடை? பொது ஸ்டோரேஜில் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) அமைக்க முடியாதுதான், ஆனால் நோடின் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மில் 'நோ பின் லிங்க்ஸ்' கொடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. பைத்தான் வென்விலும் (புராஜெக்டுக்கான தனிப் பைத்தான் சூழல்) 'காப்பீஸ்' இருக்கிறது.

கருந்திரை:
'காப்பீஸ்' என்ன செய்கிறது? பைத்தான் பைனரியையே நோஎக்ஸெக் இடத்துக்கு நகலெடுக்கிறது. பிறகு அதை ஓட்ட முடியாது. நோடிலும் தூய ஜாவாஸ்கிரிப்ட் வரைக்கும் சரி. நேட்டிவ் மாட்யூல் (கம்பைல் செய்த பகுதி) ஒன்று வந்தால் லோட் ஆகாது.

வேர்த்தடம்:
இரண்டு பேரும் ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? ப்ரூட் (டெர்மக்ஸுக்குள் ரூட் போன்ற சூழலைத் தரும் கருவி) போட்டு ரூட்டாக, அதாவது முழு அதிகாரப் பயனராக, நுழைந்தால் போதுமே.

கருந்திரை:
ப்ரூட் தருவது பாவனை ரூட். உள்ளே யூஐடி 0 (ரூட்டின் பயனர் எண்) என்று தெரியும், சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்கு நீங்கள் அதே சாதாரண ஆப்தான். நோஎக்ஸெக் அப்படியே நிற்கும். ஆன்ட்ராய்டு 11 முதல் மூடிய பிற ஆப்களின் டேட்டா ஃபோல்டரும் அதனால் திறக்காது.

மின்மினி:
கிட் (கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) விஷயத்தில் நான் விடமாட்டேன். பொது ஸ்டோரேஜில் அது ஒழுங்காக வேலை செய்யும். 'டூபியஸ் ஓனர்ஷிப்' (உரிமையாளர் சந்தேகத்துக்குரியவர்) என்று மறுத்தால் அந்தப் பாதையை சேஃப் டைரக்டரியாக கிட்டின் குளோபல் கான்ஃபிகில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கருந்திரை:
இன்னொன்றும் வேண்டும். ஹோமிலிருந்து நகலெடுத்த ரெப்போவில் (கிட் கவனிக்கும் ஃபோல்டர்) 755 (ஓட்டலாம்) இருந்த ஸ்கிரிப்டெல்லாம் 644 (ஓட்ட முடியாது) ஆக மாறியதாக டிஃப் காட்டும். பர்மிஷன் மாற்றத்தைக் கவனிக்கச் சொல்லும் கோர் ஃபைல்மோடை ஃபால்ஸ் ஆக்காமல் கமிட் செய்து புஷ் செய்தால் அந்த மாற்றம் சர்வர் வரை போய்விடும், உங்கள் குழுவில் எல்லாருக்கும் ஸ்கிரிப்ட் நேரடியாக ஓடாது. எடிட்டருக்காக இத்தனை பாடு தேவையில்லை. ஆன்ட்ராய்டின் கோப்புத் தேர்வுத் திரையில் டெர்மக்ஸும் ஓர் இடமாக வருகிறது. அதை ஏற்கும் எடிட்டரில் ஹோமை நேரடியாகத் திறக்கலாம்.

மின்மினி:
ஆப் நீங்கினால் எல்லாம் அழியும் என்பதற்குப் பதில்?

கருந்திரை:
அந்த பயம் நியாயமானது. வேலை செய்யும் பிரதி ஹோமில் இருக்கட்டும். எஸ்டிகார்டு பாதையில் 'கிட் இனிட் பேர்' கொடுத்து ஒரு வெறும் ரெப்போ (வேலைக் கோப்புகள் இல்லாமல் கிட் வரலாறு மட்டும் இருப்பது) அமைத்து, அதை ரிமோட்டாகச் (மாற்றங்களை அனுப்பும் இடம்) சேர்த்து புஷ் செய்யுங்கள். அதற்குச் சிம்லிங்கும் வேண்டாம், எக்ஸிக்யூட் பர்மிஷனும் வேண்டாம். நீங்கள் சொன்ன சேஃப் டைரக்டரி வரி அதற்கும் தேவைப்படும். கிட்டில் சேராத மீதி ஹோமை டாரில் (பல கோப்புகளை ஒன்றாக்கும் கருவி) கட்டி அங்கேயே போடலாம். பர்மிஷன் எண்கள் டார் கோப்புக்குள் பத்திரமாக இருக்கும், ஹோமில் அவிழ்த்தால் திரும்பி வரும். எஸ்எஸ்எச் சாவியை மட்டும் அந்த டாரில் சேர்க்காதீர்கள், ஸ்டோரேஜ் அனுமதி பெற்ற மற்ற ஆப்பும் அதைப் படிக்க வழியுண்டு.

மின்மினி:
வெறும் ரெப்போவுக்கு ஹூக் (கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்) எழுதினால் அது ஓடாதே?

கருந்திரை:
ஓடாது. ஹூக்கை ஹோம் பக்கத்து ரெப்போவில் ப்ரீ-புஷ்ஷாக (புஷ்ஷுக்கு முன் ஓடுவது) வையுங்கள்.