சக்திமான் லாரி: மூணாவது கியர் நியூட்ரலுக்கு விழுது, முன் ஆக்ஸில் லீவர் வரல, பிஒய்-01 ஆர்சியை கடலூருக்கு மாத்தணும்

முதுநகர் லாரி

வணக்கம். ஜபல்பூர் தொழிற்சாலையில இராணுவத்துக்காகச் செஞ்ச சக்திமான், 4×4 (முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் ரெண்டும் இழுக்கும்). எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) எல்லாம் அந்த வண்டி வகைக்கு உரியதுதான், லேலண்ட் டாடா எதுவும் மாத்திப் போடல. தேவனாம்பட்டினம் பக்கம் படகு ஏத்தி இறக்கிற வேலை. அதனால பாதி நேரம் மணல், பாதி நேரம் தார் ரோடு. கோளாறு மூணு, பேப்பர் சிக்கல் ஒண்ணு.

1. கேப்பர் மலை இறக்கத்துல மூணாவது கியர்ல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்ததும் லீவர் தானா நியூட்ரலுக்கு வந்துடுது. ஏத்தத்துல, லோடோட இழுக்கும்போது நிக்குது. நாலாவதுல இந்தப் பிரச்சனை இல்லை.

2. காலையில ஒண்ணாவதும் ரிவர்ஸும் போடும்போது கரகரன்னு பல் உரசுது. கிளட்ச் பெடல் ஃப்ரீ ப்ளே (கிளட்ச் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன்ன பெடல் சும்மா போற தூரம்) அளந்தா 60 மில்லிமீட்டர் வருது. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், ஆக்ஸில் மூணுலயும் 85டபிள்யூ-140 ஜிஎல்-5 ஆயில் இருக்கு.

3. மணல்ல முன் ஆக்ஸில் போட்டுட்டு ரோட்டுக்கு வந்ததும் லீவர் வெளிய வரமாட்டேங்குது. முன் டயர் ரெண்டும் புதுசு, பின்னாடி பழசு.

பேப்பர்: கையால எழுதின ஆர்சி (பதிவுச் சான்று) புக், பிஒய்-01 (புதுச்சேரி), 1994ல சிவில் பதிவு. அரசோட வாகன் இணையதளத்துல நம்பர் போட்டா விவரம் வரல. சேஸிஸ் நம்பர் ஒத்துப் போகுது, எஞ்சின் நம்பர் முழுக்க வேற. எஃப்சி (தகுதிச் சான்று) காலம் முடிஞ்சிருக்கு. ஆர்சி இன்னும் வித்தவர் பேர்ல, அவர் புதுச்சேரியிலதான் இருக்கார். டிஎன்-31க்கு (கடலூர்) கொண்டு வரணும். எதுல ஆரம்பிக்கிறது?

வில்லியனூர் பட்டறை

கியர்பாக்ஸை இறக்கச் சொல்லி யாராவது சொன்னா இப்போதைக்குக் கேட்காதீங்க. நீங்க எழுதினதுல பாதிக்கு மேல பெட்டியைத் திறக்காமலே தெரிஞ்சுக்கலாம்.

லீவர் வராத கதை முதல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸ்ல முன்னும் பின்னும் நேரடியா பூட்டிக்குது, நடுவுல டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்துல முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட நீளமான வட்டம் போகும். மணல்ல அந்த வித்தியாசம் டயர் சறுக்கித் தீர்ந்துடும். தார் ரோட்டுல சறுக்க இடமில்லை, முறுக்கு முழுக்க ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்லயும் டிரான்ஸ்ஃபர் பல்லுலயும் ஏறி நிக்கும். அந்த முறுக்கு இருக்கிற வரைக்கும் சுத்தியால தட்டினாலும் லீவர் வராது. தட்டினா உள்ள கியரைத் தள்ளுற ஃபோர்க்தான் வளையும்.

எடுக்கிற முறை: நேரா நிறுத்தி, ஸ்டியரிங் நேரா வச்சு, மெதுவா 5லிருந்து 10 மீட்டர் ரிவர்ஸ் வாங்க. வரும்போதே லீவரை லேசா இழுத்துப் பிடிங்க, தானா விழும். அப்பவும் வரலைன்னா பின் சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வச்சு, முன் சக்கரம் ஒண்ணை மட்டும் ஜாக்கியில தரையை விட்டுத் தூக்குங்க. முறுக்கு விடும்போது சக்கரம் வெடுக்குன்னு சுத்தும், கையோ காலோ பக்கத்துல இருக்கக் கூடாது.

உங்க வண்டியில வேர் டயர்லதான் இருக்கு. சுமார் 1050 மில்லி விட்டமுள்ள டயர்ல முன்னுக்கும் பின்னுக்கும் 20 மில்லி வித்தியாசம்னா கிட்டத்தட்ட 2 சதவீதம். அதாவது 100 மீட்டர் போறதுக்குள்ள முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் 2 மீட்டர் சண்டை போட்டுக்கும், நேர் ரோட்டுலயே. டயர்ல சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை 10 சுத்து உருட்டி, தரையில தூரத்தை அளந்து பாருங்க. நாலும் ஒரே தேய்மானத்துல இருக்கணும். புது ரெண்டை முன்னாடி போடுற பழக்கம் மத்த லாரிக்குச் சரி, பூட்டு போட்டு ஓடுற 4×4க்கு ஆகாது.

இன்னொண்ணு. டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரல்ல நின்னா, கியர்ல போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். கடற்கரைச் சரிவுல படகு ஏத்தும்போது கட்டை வைக்காம இறங்காதீங்க.

உப்புத் தண்ணில இறக்குறீங்கன்னா டிரான்ஸ்ஃபர், ஆக்ஸில் ரெண்டோட பிரீதரையும் (பெட்டிக்குள்ள காத்து போய் வர்ற துளை மூடி) கழட்டி டீசல்ல கழுவுங்க. ஓடிச் சூடான பெட்டி தண்ணில இறங்கினதும் உள்ள இருக்கிற காத்து சுருங்கும். பிரீதர் சேறு அடைச்சிருந்தா அது ஆயில் சீல் வழியா தண்ணியை உறிஞ்சிக்கும். ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில டிரெயின் போல்ட்டை லேசா தளர்த்துங்க. முதல்ல சொட்டுறது தண்ணியா, மோர் மாதிரி கலங்கினதான்னு பார்த்தா தெரிஞ்சிடும்.

கியர்வீல்

மேலே சொன்னதோடு ஒத்துப் போகிறேன். கியர் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உரசல் சத்தத்துக்கு முதல் காரணம் அந்த 60 மில்லி. பெடல் பயணத்தில் பாதி வீணாகப் போனால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. பிளேட் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே உள் ஷாஃப்டைச் சுற்றும். இந்தப் பெட்டியில் சிங்க்ரோ (பல் சேரும் முன் வேகத்தைத் தானாகச் சமன் செய்யும் வளையம்) இல்லை, அதைச் செய்வது ஓட்டுநரின் காலும் காதும்தான். சோதனை எளிது: ஐடிலில் கிளட்சை அடிவரை மிதித்து 10 வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரி, அவசரப்பட்டுப் போட்டதுதான் காரணம். 10 எண்ணியும் உரசினால் கிளட்ச் இழுக்கிறது. ஃப்ரீ ப்ளேயை 25 முதல் 30 மில்லிக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். பூஜ்யத்துக்கு இறுக்கிவிட வேண்டாம், ரிலீஸ் பேரிங் எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்து கருகும்.

அதற்குப் பிறகும் உரசினால் மூன்றில் ஒன்று: பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே உயரத்தில் இல்லை (அரை மில்லிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது), பிளேட்டின் நடுத்துளை ஸ்ப்ளைனில் துருப்பிடித்து நகரவில்லை, அல்லது ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் இறுகிவிட்டது. கடல்காற்றில் நிற்கும் வண்டியில் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில். ஜிஎல்-5 என்பது ஹைப்பாய்டு (அச்சு விலகிச் சாய்வாக உரசும்) பல்லுக்கான சரக்கு. அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் சூட்டில் பித்தளை, வெண்கலப் புஷ்களையும் வாஷர்களையும் அரிக்கக்கூடியவை. கியர்பாக்ஸுக்கு எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90, டப்பாவில் ஜிஎல்-4 என்று அச்சிட்டது போதும். நம் ஊர் வெயிலுக்குக்கூட 140 தடிமன் தேவையில்லை. ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடியுங்கள். வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டும் சாம்பல் பசை சாதாரணம், மஞ்சள் மினுக்கு இருந்தால் புஷ் போகிறது, நகம் போல இரும்புச் செதில் வந்தால் பல் உடைகிறது. மூன்றாவது வகை கண்டால் ஓட்டுவதை நிறுத்துங்கள். நிரப்பும்போது சமதளத்தில் நிறுத்தி, பக்கவாட்டு லெவல் போல்ட் வழியாக லேசாக வழியும்வரை மட்டும். அதற்கு மேல் ஊற்றினால் கடைந்து நுரைத்து, முன் சீல் வழியாக வந்து கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

மூன்றாவது கியர். இழுக்கும்போது நிற்கிறது, எஞ்சின் பிடிக்கும்போது விழுகிறது என்பது பெரிய துப்பு. இழுக்கும்போது டாக் பல்லின் (கியரை ஷாஃப்டோடு பூட்டும் பல்) ஒரு முகம் சுமை தாங்குகிறது, இறக்கத்தில் எதிர்முகம். ஒரு முகம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் சுமை அந்தச் சரிவில் கியரை வெளியே தள்ளும். இரண்டு பக்கமும் விழுந்திருந்தால் ஷாஃப்டின் நீளவாட்டு ஆட்டத்தையோ பெல் ஹவுசிங் போல்ட்டையோ பார்க்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால் பல் தேய்ந்தது என்று தீர்ப்பு எழுதும் முன் டாப் கவரை மட்டும் கழற்றுங்கள். ஷிஃப்ட் ராடைப் பூட்டிப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் அங்கேதான். எல்லா ஸ்பிரிங்கையும் வரிசையாக நிறுத்தி உயரம் ஒப்பிடுங்கள். ராடில் குண்டு உட்காரும் குழி ஓரம் மழுங்கியிருக்கிறதா பாருங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் ஒரே ராடு என்றாலும் குழி தனித்தனி. ஃபோர்க்குக்கும் அது உட்காரும் பள்ளத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் விடுங்கள். 1 மில்லிக்கு மேல் போனால் ஃபோர்க் மாற்ற வேண்டும், கியர் முழு ஆழத்துக்குக் கடிக்கவே இல்லை என்று அர்த்தம்.

மஞ்சக்குப்பம் டீசல்

இதுக்கு இவ்வளவு வேணாம் அண்ணே. கொஞ்சம் கெட்டியான ஸ்பிரிங் போட்டு, தேய்ஞ்ச பல்லுல வெல்டு வச்சுத் தேய்ச்சா ஓடும்.

கியர்வீல்

வெல்டு வைக்க வேண்டாம். அந்தப் பல்லின் மேல்தோல் மட்டும் கடினப்படுத்தப்பட்டது, உள்ளே மென்மை. வெல்டு சூட்டில் அந்தத் தோல் போய்விடும், பக்கத்துப் பல்லில் விரிசலும் விழும். விரிசல் விட்ட துண்டு ஓடும் பெட்டிக்குள் விழுந்தால் ஹவுசிங்கே உடையும். கெட்டி ஸ்பிரிங்கும் அதே மாதிரிதான். லீவரை விழாமல் பிடித்துவைத்து, அந்த விசையை ஃபோர்க்குக்குத் திருப்பிவிடும். ஸ்பிரிங் சுருங்கியிருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். பல் தேய்ந்திருந்தால் கியரும் ஸ்லீவும் ஜோடியாக மாற்றுவதுதான் வழி. அதுவரை இறக்கத்தில் மூன்றாவதை நம்பாதீர்கள். லோடோடு நியூட்ரலுக்கு விழுந்தால் முழுச் சுமையும் பிரேக்கில் வந்து சேரும்.

படிவம்28

பேப்பர் பகுதிக்கு வருகிறேன். வரிசை மாறினால் இரண்டு மாநிலத்துக்கும் நடையாய் நடக்க வேண்டிவரும். எல்லாத் திருத்தமும் புதுச்சேரியிலேயே முடிய வேண்டும், அதன் பிறகுதான் என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று). தப்பான எஞ்சின் நம்பரோடு வாங்கிய என்ஓசி கடலூரில் ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும்போது நின்றுவிடும்.

முதலில் பழைய பதிவு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஆர்சி உரிமையாளர் பெயரில் பி ரிஜிஸ்டர் (ஆர்டிஓ அலுவலகத்தின் பதிவேடு) நகல் கேட்டு மனு கொடுங்கள். அது கிடைத்தால்தான் வாகன் தளத்தில் பழைய விவரத்தை ஏற்ற முடியும். அசல் ஆர்சி, வரி ரசீதுகள், பழைய எஃப்சி, காப்பீடு எல்லாம் கையில் இருக்கட்டும். 1994 கோப்பில் இராணுவம் வண்டியை விடுவித்த விற்பனைச் சான்று இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 60ன்படி பாதுகாப்புத் துறை வண்டிக்குத் தனிப் பதிவு; அந்தப் பயன்பாடு முடிந்தால் பிரிவு 39, 40 பொருந்தும். அப்படிச் சிவில் பதிவு செய்யும்போது விதி 47 கேட்கும் அசல் விற்பனைச் சான்று படிவம் 21ல் இருக்கும். அந்தச் சான்றில் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் பாருங்கள். பல முடிச்சு அங்கேயே அவிழும்.

எஞ்சின் நம்பர்: இராணுவப் பட்டறைகளில் எஞ்சினை முழுதாகக் கழற்றி வேறு எஞ்சின் பொருத்துவது வழக்கம். விற்பனைச் சான்றில் இப்போதைய நம்பரே இருந்தால், 1994ல் எழுத்துப் பிழை என்று திருத்தம் கேட்கலாம். அதன் பிறகு மாற்றப்பட்டது என்றால் பிரிவு 52ன்படி எஞ்சின் மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கிப் பதிய வேண்டும், எஞ்சின் வாங்கிய பில் இல்லாமல் நகராது. பில் இல்லாத எஞ்சினுக்கு நம்பரைத் தேய்த்து ஆர்சி நம்பரைப் பொறித்துத் தருகிறேன் என்று எந்தத் தரகராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள்.

சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டரோ எமரி பேப்பரோ படவே கூடாது. மண்ணெண்ணெய் ஊற வைத்து, பித்தளைப் பிரஷால் தேய்த்து, மெல்லிய தாளை வைத்து 2பி பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். கீறல் விழுந்த பிளேட் திருத்தப்பட்ட பிளேட்டாகத்தான் பார்க்கப்படும்.

எஃப்சி இல்லாத வணிக வாகனம் சட்டப்படி பதிவுள்ளதாகவே கருதப்படாது (பிரிவு 56). விபத்து நடந்தால் காப்பீடு கேள்விக்குள்ளாகும். ஆல்பேட்டை தாண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், லோபெட்டில் (தாழ்தள டிரெய்லர்) ஏற்றுங்கள். எட்டு ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்சி ஒவ்வொரு முறையும் ஓராண்டுதான். 15 ஆண்டு தாண்டியதற்குக் கட்டணம் பல மடங்கு, பரிவாகன் தளத்தில் தொகையைப் பார்த்துவிட்டுப் போங்கள். பழைய டீசலுக்குப் புகை வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. ஏர் ஃபில்டரும் நாசிலும் பார்க்காமல் நிறுத்தினால் தாண்டிவிடும்.

வண்டி இன்னும் ஆலிவ் பச்சையில் இருந்தால் எஃப்சிக்கு முன் வேறு நிற பெயிண்ட் அடியுங்கள். விதி 121ன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறைக்கு மட்டும். நிற மாற்றத்தையும் ஆர்சியில் ஏற்றச் சொல்லுங்கள்.

பிறகு பிரிவு 48 என்ஓசி, படிவம் 28, பென்சில் பிரிண்டோடு. வரி, அபராதம், பர்மிட் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் கொடுத்ததாகவே கருதலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் கையில் தாள் இல்லாமல் கடலூரில் வேலை நடக்காது. ஒப்புகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். டிஎன்-31ல் புதிய எண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29, 30. விற்றவர் கையெழுத்து இத்தனை இடத்தில் தேவைப்படும், அவரைக் கூடவே அழைத்துப் போவது நல்லது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் என்பதால் சொந்தப் படகை ஏற்றினாலும் பர்மிட் வேண்டும். 50 ஆண்டு விண்டேஜ் பதிவில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். 2021 விதி இருசக்கர வண்டிக்கும் கார் வகைக்கும் மட்டும், லாரி அதில் வராது.

முதுநகர் லாரி

நன்றி எல்லாருக்கும். ஃப்ரீ ப்ளே 28 மில்லிக்கு வச்சேன், 10 எண்ணிட்டுப் போட்டா ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. டாப் கவர் கழட்டினதுல மூணு-நாலு ராடு ஸ்பிரிங் மத்ததைவிட 3 மில்லி கம்மி, மூணாவது குழியோட ஓரமும் மழுங்கியிருக்கு. ஃபோர்க் இடைவெளி 0.4. வடிச்ச ஆயில்ல மஞ்சள் மினுக்கு கொஞ்சம் இருக்கு, செதில் இல்லை. ராடு மட்டும் மாத்தினா போதுமா?

கியர்வீல்

ராடு, குண்டு, ஸ்பிரிங் மூன்றும் சேர்த்து மாற்றுங்கள். மழுங்கிய குழியில் புதுக் குண்டும் நிற்காது. கவரை மூடும் முன் டார்ச் அடித்து மூன்றாவதின் டாக் பல்லை, முன் முகம் பின் முகம் இரண்டையும், ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மஞ்சள் மினுக்குக்கு ஜிஎல்-4 ஊற்றி 500 கிலோமீட்டரில் மறுபடி வடித்துப் பாருங்கள். குறைந்தால் பழைய எண்ணெய் அரித்தது. அதே அளவு வந்தால் புஷ் பார்க்கப் பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும்.