பேஸ் கிட்டாரில் ஃப்ளாட்வவுண்ட் கம்பி மாற்றியதிலிருந்து ஈ ஸ்ட்ரிங் செத்துக் கிடக்கிறது, கழற்றிவிடலாமா?

நாகர்கோவில் பேஸ்:
வணக்கம். லைட் மியூசிக் குழு ஒன்றில் பேஸ் வாசிக்கிறேன், ஞாயிறு காலை சர்ச்சிலும். கிட்டார் பிரிசிஷன் மாடல், நாலு ஸ்ட்ரிங், 34 இன்ச் ஸ்கேல். இதுவரை போட்டிருந்தது 45–100 (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரை தடிமன், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) நிக்கல் ரவுண்ட்வவுண்ட், அதாவது மேலே உருண்டைக் கம்பி சுற்றியது. இங்கே கடல் காற்றும் கை வியர்வையும் சேர்ந்து புது செட்டின் பளபளப்பைச் சீக்கிரமே தின்றுவிடும். சர்ச்சில் பேஸ் நேரே மிக்சருக்குப் போவதால், பொசிஷன் மாற்றும்போது விரல் உரசுகிற கிரீச் சத்தமும் ஸ்பீக்கரில் அப்படியே வந்துவிடும்.

எங்கள் குழு அதிகம் வாசிப்பது 70, 80களின் சினிமாப் பாட்டுகள். அந்தக் காலத்துக் கனமான சத்தம் வேண்டும் என்றுதான் 50–105 ஃப்ளாட்வவுண்ட், அதாவது மேலே தட்டைக் கம்பி சுற்றியது, போட்டேன். கைக்கு வழவழவென்று இருக்கிறது, கிரீச் அறவே இல்லை. ஜி, டி இரண்டும் கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினால் 'தொப்' என்று விழுந்து உடனே அடங்கிவிடுகிறது, ட்யூனரில் முள் ஒரு இடத்தில் நிற்பதில்லை. 12-வது ஃப்ரெட்டுக்கு (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே, கம்பிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷன் ஏறிவிட்டது. ஜி ஸ்ட்ரிங்கில் முதல் ஃப்ரெட் மட்டும் சுருதி தூக்கலாக இருக்கிறது. டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் பேஸ் இருக்கிற இடமே தெரியவில்லை. ஃப்ளாட் என்றாலே இப்படித்தானா? கழற்றிவிட்டு வேறு வகைக்குப் போகலாமா? செட் விலை அதிகம் என்பதால் யோசனையாக இருக்கிறது.

கோவை ரிப்பேர் பெஞ்ச்:
கழற்றாதீங்க தம்பி. நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி செட்டிங் கோளாறு. ஃப்ளாட் கம்பி இயல்பிலேயே விறைப்பு, அதோடு நீங்கள் ஒரு கேஜ் (தடிமன் அளவு) மேலேயும் போயிருக்கிறீர்கள். இழுவிசை கூடி நெக் முன்பக்கம் வளைந்திருக்கும், ஆக்‌ஷன் ஏறியது அதனால்தான்.

முதலில் ஈ ஸ்ட்ரிங். விறைப்பான கம்பி சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) தாண்டும்போது கூர்மையாக மடங்காது, வளைவாகவே எழும்பிப் போகும். கம்பி எந்தப் புள்ளியிலிருந்து அதிர ஆரம்பிக்கிறது என்பதே தெளிவாக இருக்காது. அப்போது சத்தம் அடங்கிப் போகும், ட்யூனரும் தடுமாறும். ட்யூன் செய்த நிலையிலேயே, சேடிலுக்கு முன்னால், அதை ஒட்டினாற்போல கட்டைவிரலால் அழுத்தி ஒரு மடிப்பு கொடுங்கள். தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளங்கள் உள்ள நட்டுக்கு முன்னாலும் அதேபோல. பல்லை நறநறக்க வேண்டாம், நிதானமாக அழுத்தினாலே போதும். மறுபடி ட்யூன் செய்து கேளுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் கம்பி முறுக்கேறியிருக்கலாம். தளர்த்தி, பிரிட்ஜில் பந்து முனையை வெளியே எடுங்கள். கம்பி தானாகவே ஒரு சுற்று திரும்பினால் அதுதான் விஷயம், திரும்பவிட்டு மறுபடி மாட்டுங்கள். கம்பியைச் சுற்றும் போஸ்ட் பக்கம் வெட்டிய இடத்தையும் பாருங்கள். ஃப்ளாட் கம்பியை முதலில் செங்கோணமாக மடக்கி, மடிப்புக்கு அந்தப் பக்கம்தான் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் உள்கம்பிமேல் சுற்று வழுக்கிவிடும், அந்தக் கம்பியை மீட்பது கஷ்டம். பந்து முனைப் பக்கத்துப் பட்டு நூல் சேடில்மேல் ஏறியிருக்கக்கூடாது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பும் ஈ பக்கம் ரொம்ப உயரமாக இருந்தால் காந்தம் கம்பியை இழுத்து முள்ளை ஆட வைக்கும், அந்தப் பக்கத்து திருகை இறக்கிப் பாருங்கள்.

அப்புறம் நெக். முதல் ஃப்ரெட்டையும் பாடியோடு சேருகிற இடத்து ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து 7, 8-வது ஃப்ரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். விசிட்டிங் கார்டு ஒன்று நுழைகிற அளவு, சுமார் 0.3 மில்லிமீட்டர், போதும். அதிகமென்றால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, ராத்திரி அப்படியே விட்டு, காலையில் அளந்து பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகே 12-வது ஃப்ரெட்டின் சுருதி. அழுத்தி வாசிப்பது, அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கைவிடத் தூக்கலாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரட்டை வேலை.

திருச்சி ரவுண்ட்:
என் கருத்து வேறு. புதுப் பாட்டும் வாசிக்க வேண்டிய குழுவில் ஃப்ளாட் கை கொடுக்காது, கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப் வந்தால் சுத்தமாகப் படுத்துவிடும். வியர்வைதான் பிரச்சினை என்றால் எலிக்சர் மாதிரி மேல்பூச்சு உள்ள ரவுண்ட் போடலாம். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்தாலே ஆயுள் கூடும்.

சென்னை செஷன்:
ப்ரோ, ஒரே கிட்டாரில் எல்லா வகையும் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் ரவுண்ட்தான் பளிச்சென்று முன்னால் நிற்கும், ஆனால் விரலுக்கு அரம் மாதிரி இருக்கும். பொது வேலைக்கு நிக்கல் பூசிய ரவுண்ட். நைலான் டேப் விரலுக்கு மெத்தென்று இருக்கும், டபுள் பேஸ் வாடை வரும். உள்ளே இரும்பு இருப்பதால் பிக்கப்புக்குப் பிரச்சினை இல்லை. ஹாஃப்ரவுண்ட் என்பது ரவுண்ட் கம்பியின் மேல்பக்கத்தைச் சமமாகத் தேய்த்தது. கிரீச் குறையும், பளபளப்பும் குறையும். எனக்கு அதில் ருசி தட்டவில்லை.

ஃப்ளாட்டில் மட்டும் உள்ளேயே பெரிய வித்தியாசங்கள் உண்டு. தாமஸ்டிக் நிறுவனத்தின் ஜாஸ் ஃப்ளாட் மிக இளக்கம், ரவுண்டிலிருந்து வருகிறவர் கைக்கு உடனே பழகிவிடும். லா பெல்லா நிறுவனத்தின் 52–110 அதற்கு நேர் எதிர். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் லா பெல்லாவின் கனத்த ஃப்ளாட்டைப் போட்டு, பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஸ்பாஞ்ச் வைத்து, ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். கம்பி அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். ரவுண்ட் பக்கம் காற்றைத் திருப்பியது 1960களில் ரோட்டோசவுண்ட் நிறுவனம், தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து. ஆனால் ஃப்ளாட் என்றால் மந்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். அயர்ன் மெய்டன் ராக் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பதும் ஃப்ளாட்தான், அந்தச் சடசடப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். விரல் அடிக்கிற விதத்துக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது.

குழுவில் கேட்காததற்கு வேறு காரணம். ஈ ஸ்ட்ரிங்கின் அடிப்படைச் சுருதி 41 ஹெர்ட்ஸ், சின்ன ஆம்ப் அதை ஒழுங்காகத் தராது. ரவுண்டில் மேல் ஹார்மானிக்குகள் (அடிப்படைச் சுருதியின் மடங்குகள்) நிறைய இருப்பதால் காது மீதியை நிரப்பிக்கொள்ளும். ஃப்ளாட்டில் அவை குறைவு. பேஸ் குமிழைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். அதைக் கொஞ்சம் குறைத்து, 700–800 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டை (நடு அலைவரிசை) ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், டிரம்ஸ் சேர்ந்ததும் சரியாக உட்காரும். வீட்டு அறையில் தனியாக வாசித்து ஸ்ட்ரிங்கை எடை போடாதீர்கள்.

நாகர்கோவில் பேஸ்:
எல்லோருக்கும் நன்றி. சேடில் பக்கம் அழுத்தியதும் ஈ பாதி உயிர் பெற்றது. பந்து முனையை எடுத்தபோது கோவை அண்ணா சொன்னபடியே கம்பி ஒரு சுற்று திரும்பியது. இப்போது சத்தம் நீளமாக நிற்கிறது, ட்யூனர் முள்ளும் அடங்கிவிட்டது. ட்ரஸ் ராட் கால் சுற்றில் ஆக்‌ஷன் இறங்கியது. மிட் ஏற்றி ஒத்திகையில் வாசித்தேன், டிரம்மர் திரும்பிப் பார்த்தார். ஜி முதல் ஃப்ரெட் மட்டும் இன்னும் தூக்கல். நட்டை நானே ராவலாமா?

கோவை ரிப்பேர் பெஞ்ச்:
உங்கள் நட் 45-க்கு வெட்டியது. 50 கம்பி, அதாவது 1.27 மில்லிமீட்டர், பள்ளத்தின் அடியில் உட்காராமல் மேலேயே தொங்குகிறது. முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது கூடுதலாக இழுபடுவதால்தான் சுருதி ஏறுகிறது. 3-வது ஃப்ரெட்டில் அழுத்தி முதல் ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள், மெல்லிய தாள் ஒன்று நுழைந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதற்கென்று உள்ள நட் அரம் இல்லாமல் கையை வைக்காதீங்க. ஆழம் கொஞ்சம் அதிகமானாலும் திறந்த கம்பி ஃப்ரெட்டில் இரையும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். பழைய 45–100 ரவுண்டுக்குத் திரும்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் நட்டைத் தொடாதீங்க. அடுத்த முறை 45–100 ஃப்ளாட்டே வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை ஜியின் முதல் ஃப்ரெட் சுருதியை டி ஸ்ட்ரிங்கின் 6-வது ஃப்ரெட்டில் எடுத்துக்கொள்ளலாம்.