மறுமொழி: ‘டங் வெயிட்’டுக்குத் தமிழ் – மூக்கணைப் பாரம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

சிறு டிரெய்லரில் விறகு ஏற்றுவது பற்றிய கையேட்டுக்காக ‘டங் வெயிட்’ என்பதற்குத் தமிழ் கேட்டிருந்தோம். நாக்கு எடை, நாப்பளு, இணைப்புப் பளு, கொக்கிச் சுமை என்று வரிசையாக வந்துவிட்டன. நான் இரண்டு நாளாக ஊரில் இருந்தேன், அதனால்தான் தாமதம். சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊர். போன இடத்தில் இந்தச் சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

முதலில் பொருள் என்ன என்பதில் தெளிவாக இருப்போம். இரண்டு சக்கரம் உள்ள டிரெய்லரில் ஏற்றிய பாரத்தில் பெரும்பகுதி அச்சின் மேல் இறங்குகிறது. மிச்சம் கொஞ்சம் முன்தண்டு வழியாக, இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் இறங்குகிறது. அந்த மிச்சத்தைத்தான் அமெரிக்காவில் நாக்கின் எடை என்கிறார்கள். முன்தண்டு அவர்களுக்கு நாக்கு. இங்கிலாந்தில் அதையே மூக்கின் எடை என்கிறார்கள். ஆக, அவரவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் ஏன் அமெரிக்கர் கண்ணால் பார்க்க வேண்டும்?

‘குதிரைத்திறன் என்ற சொல்லை அப்படியே மொழிபெயர்த்துத்தானே எடுத்தோம், அது நிலைக்கவில்லையா?’ என்று சேலத்து ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. குதிரை இழுக்கும் என்பது நமக்கும் தெரியும், அதனால் அந்தச் சொல் நின்றது. வண்டிக்கு நாக்கு உண்டு என்று நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘நாக்கு எடை’ என்று படிக்கிற டிரைவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல் எதற்குத் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் கரையோரத்தில் எங்கே பார்த்தாலும் சீமைக்கருவை. கரிமூட்டத்துக்கு அதுதான், டீக்கடை அடுப்புக்கும் அதுதான். பதநீர் காலத்தில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கு நாள் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். கீழக்கரைப் பக்கம் கல்யாண வீட்டுச் சமையலுக்கு விறகு கேட்டு ஆள் வரும். லாரி வைக்கிற அளவுக்கு வேலை இருக்காது, சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற அளவும் இல்லை. இந்த நடு அளவுக்குத்தான் சிறு டிரெய்லர். ஊரில் அதற்குப் ‘பெட்டி’ என்றுதான் பெயர்.

என் மாமாவிடம் ஒரு பழைய ஜீப்பும் இரண்டு சக்கரப் பெட்டியும் இருந்தன. ஒரு நாள் நானும் அவரும் விறகு ஏற்றினோம். இறக்கும்போது முதலில் கைக்கு வரட்டும் என்று கனமான தூர்க்கட்டைகளை எல்லாம் பின்பக்கம் போட்டு, முன்பக்கம் மிலாறை, அதாவது மெல்லிய சுள்ளிகளை, அடைத்தோம். பார்வைக்குப் பெட்டி நிறைந்து அழகாக இருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி ஏர்வாடி நோக்கி வரும்போது வேகம் கொஞ்சம் கூடியதும் பெட்டி இடமும் வலமும் ஆட்ட ஆரம்பித்தது. கச்சான் காற்றுக் காலம் வேறு. மாமா பிரேக்கை மிதித்தார், ஆட்டம் இன்னும் கூடியது. ஜீப்பின் பின்பக்கத்தையே அது ஒதுக்கித் தள்ளுகிற மாதிரி இருந்தது. எதிரே வண்டி வராததால் பிழைத்தோம். ஒருவழியாக நின்ற பிறகு கொக்கியைக் கழற்றினோம். கழற்றிய கணமே முன்தண்டு விருட்டென்று மேலே எழும்பிப் பெட்டி பின்னால் சாய்ந்துவிட்டது. தண்டு என் தாடையில் பட்டிருந்தால் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா வந்து பார்த்துவிட்டு, ‘பின்பாரமா ஏத்தினா அப்படித்தானப்பா தூக்கும், கட்டையெல்லாம் முன்னுக்குத் தள்ளு’ என்றார். டிரெய்லரை அவர் வாழ்க்கையில் ஓட்டியிருக்க மாட்டார். ஆனால் மாட்டுவண்டி ஓட்டியவர். அவருக்கு இந்த விஷயம் முழுவதும் தெரிந்திருந்தது, சொல்லும் கையில் இருந்தது.

மாட்டுவண்டியும் இரண்டு சக்கரம்தானே. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், கழுத்து புண்ணாகும். பின்பாரமானால் நுகத்தடி மேலே கிளம்பும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். அதனால் வண்டிக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் முன்பாரமாக, மாட்டுக்கு வலிக்காத அளவில் வைப்பார்கள். வண்டியில் ஆள் ஏறினாலும், ‘பின்பாரமா இருக்கு, முன்னால தள்ளி உக்காருங்க’ என்பார்கள். டிரெய்லர் கையேடுகள் சொல்வதும் இதே கணக்குதான். அமெரிக்க வழக்கில் கொக்கிமேல் இறங்கும் பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பார்கள். குறைந்தால் பெட்டி ஆட்டும். மிகவும் கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் இலகுவாகி, ஸ்டியரிங் பிடி குறையும்.

அப்படியானால் ‘முன்பாரம்’ என்றே வைத்துவிடலாமே என்று உங்களில் சிலர் இப்போதே விசைப்பலகையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பாரம், பின்பாரம் இரண்டும் வண்டி இருக்கும் நிலையைச் சொல்கின்றன. ‘வண்டி முன்பாரமாக இருக்கிறது’ என்று சொல்லலாம். ‘முன்பாரம் 110 கிலோ’ என்று எழுதினால், பெட்டியின் முன்பாதியில் 110 கிலோ விறகு கிடக்கிறது என்று படித்துவிட வாய்ப்பு உண்டு. நமக்கு வேண்டியது கொக்கிமேல் இறங்கும் அளவுக்கு ஒரு பெயர்.

மாட்டுவண்டியின் முன்தலைப்புக்கு மூக்கணை என்று பெயர். பழைய வண்டிக்காரர்கள் வாயில் புழங்கிய சொல். ஆகவே என் முன்மொழிவு: அளவைக் குறிக்க மூக்கணைப் பாரம், நிலையைக் குறிக்க முன்பாரம், பின்பாரம். மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றைக் கேட்டவருக்கு மற்றது விளங்கும். முன்தண்டுக்கும் மூக்கணை என்றே வைத்துக்கொள்ளலாம்.

சொல் வேலை செய்கிறதா என்று ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தேன். வெறும் பெட்டி 200 கிலோ, அதன் மூக்கணைப் பாரம் 20 கிலோ. அச்சிலிருந்து கொக்கி 2 மீட்டர். 600 கிலோ விறகை, அதன் எடையின் நடுப்புள்ளி அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் வரும்படி அடுக்கினால், கொக்கியில் 90 கிலோ கூடும். மூக்கணைப் பாரம் 110 கிலோ. மொத்தம் 800க்குக் கிட்டத்தட்ட 14 விழுக்காடு. சரியாக இருக்கிறது. அதே விறகின் நடுப்புள்ளி அச்சுக்குப் பின்னால் வெறும் 10 சென்டிமீட்டர் போனாலே 30 கிலோ மேல்நோக்கித் தூக்கும். பெட்டியின் சொந்த 20 கிலோவை அது தின்றுவிட்டு, மீதி 10 கிலோவால் ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கும். நானும் மாமாவும் செய்தது இதைவிட மோசம். அளப்பதும் எளிது: சமதரையில், கொக்கி உயரம் வரும்படி கல் அடுக்கி, அதன்மேல் வைத்த விறகுக்கடைத் தராசில் மூக்கணையை இறக்கிப் பார்த்தால் போதும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட வேண்டும்.

‘பாரம்’ வடசொல், ‘பளு’ என்று போடலாமே என்று திருச்சி அக்கா எழுதியிருந்தார். அக்கா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, மற்ற இழைகளில் நானே அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். இங்கே வண்டிக்காரர் பாரம் என்கிறார், லோடுமேன் பாரம் என்கிறார். அவர்கள் வாயில் இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால், யாருக்காகக் கையேடு எழுதுகிறோமோ அவர்களுக்கே அது அந்நியமாகிவிடும்.

அணியப் பாரம் என்ற யோசனை மிகவும் பிடித்திருந்தது. எங்கள் கரையில் வள்ளத்தின் முன்பக்கம் அணியம்தான், அணியம் கனத்தால் வள்ளம் மூக்கைக் குத்தும். ஆனால் வள்ளம் எதன் மேலும் தன் பாரத்தை இறக்குவதில்லை, தண்ணீரில்தான் நிற்கிறது. அந்தச் சொல்லைக் கடலுக்கே வைத்துக்கொள்வோம்.

பெட்டி ஆட்டுவதற்கு ‘அலைவு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அது இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ‘பெட்டியாட்டம்’ எனக்குப் போதும்.

கையேட்டில் வரி இப்படி வரும்: ‘தூர்க்கட்டைகளை அச்சை ஒட்டியும் அதற்குச் சற்று முன்னாலும் அடுக்கவும். மிலாறு மேலே. மூக்கணைப் பாரத்தை அளந்த பிறகே சாலையில் ஏறவும். பின்பாரமாக இருக்கும் பெட்டியின் கொக்கியைக் கழற்றும்போது மூக்கணைக்கு நேராக நிற்க வேண்டாம்.’

யாழ்ப்பாணத்து நண்பர் உழவு இயந்திரப் பெட்டி பற்றி எழுதியிருந்தார். அங்கே பெட்டியின் முன்தண்டை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால், வரைவை மூடுவதற்குமுன் அதையும் பார்த்துவிடுகிறேன்.