புதுப்பிப்பு: மஞ்சக்குப்பம் தெருமுனைக் குப்பைமேடு

எங்கள் தெருமுனைக் குப்பைமேட்டை அகற்றிச் செடி வைக்க கடலூர் மாநகராட்சியில் பணம் கேட்க முடியுமா என்று முன்பு எழுதியிருந்தேன். முடியும். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். இப்போது நம் பங்குக்கு வசூல் நடக்கிறது, இட்லிக்கடை அக்காதான் முதலில் தந்தார், அதுவும் யாரும் கேட்காமலே.

அப்புறம், அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஞாயிற்றுக்கிழமை நாங்களே இறங்கினோம். மேலே கிடந்த பிளாஸ்டிக் கவர்களை வாரியதும் அடியில் முழுக்க வெட்டிப்போட்ட இளநீர்க் காய்கள், ஒவ்வொன்றிலும் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது, அதற்கும் அடியில் வடிகால் மூடி! ஐப்பசி மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது ஏன் என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

தெருவில் சிலர் அந்த இடத்தில் சுவரோவியம் வேண்டும் என்கிறார்கள். வரையட்டும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதல் செலவு வடிகாலுக்கு, அடுத்தது வேலிக்கு என்று கூட்டத்தில் அடித்துச் சொல்லிவிட்டேன், சிலருக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

உங்கள் தெருவுக்கும் கேட்பதாக இருந்தால் அந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று முதலில் பாருங்கள். தனியார் மனை என்றால் இந்தப் பணம் வராது.